எல்லைக்குப் போகாத சேதி

என் மனைவியின் பெயர் பெர்லின். அவளுடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா வரைக்கும்தான் போனார், ஜெர்மனிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனாலும் பேத்தி பிறந்ததும் ஜெயித்த ஊரின் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். பங்குச் சாமியார் புனிதர்களின் பெயராகப் பார்த்து நாலைந்து சொல்லியும் மனிதர் அசையவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில்தான் நான் பெண் எடுத்தேன்.

கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் மெயின் ரோட்டை விட்டுச் சரிவில் இறங்கினால் அவர்கள் வீடு. முன்னறைச் சுவரில் நான்கு படங்கள். முதல் உலகப் போருக்குப் போய் பஸ்ராவிலிருந்து மலேரியாவோடு திரும்பிய பூட்டன், பர்மாத் தாத்தா, என் மாமனார் ஹவில்தார் உபகாரம், கடைசியாக என் மைத்துனன் டிக்சன். நாலு பேரும் விறைப்பாக, நாலு பேரும் ஒரே மூக்கோடு, கேமராவை முறைத்துக்கொண்டிருப்பார்கள். பெண் கேட்டுப் போன அன்று அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து நான் குடித்த காபி தொண்டையை விட்டு இறங்க வெகுநேரம் ஆனது.

எங்கள் வீடு வேறு மாதிரி. என் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து பேத்துப்பாறையில் ஒதுங்கியவர்கள். எங்கள் வம்சத்தில் யாரும் சண்டைக்குப் போனதில்லை, சண்டைதான் எங்களைத் தேடி வந்தது. தோட்டத்து லயங்களில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்ததாலோ என்னவோ, ரகசியம் காப்பது எங்களுக்குக் கைவராத வித்தை. எங்கள் வீட்டில் ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் பொழுது சாய்வதற்குள் இலங்கையில் ஹட்டனில் இருக்கிற சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவர் அங்கிருந்து கஷாயம் சொல்லுவார்.

உபகாரம் மாமா வீட்டில் இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம். பட்டாளத்தில் இருக்கிறவனுக்கு வீட்டிலிருந்து கெட்ட சேதி போகக்கூடாது. நோயோ சாவோ எதுவானாலும், அவன் லீவில் வந்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் சொல்லவேண்டும். அதேபோல அங்கே அவனுக்கு என்ன நடந்தாலும் அவனும் வீட்டுக்குச் சொல்லமாட்டான். நேரில் வந்து, உயிரோடு நின்று காட்டிவிட்டுத்தான் சொல்லுவான்.

இது சும்மா வந்த வழக்கம் இல்லை. பர்மாத் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார், இருவரும் ஒரே பட்டாளம். ஊரில் அண்ணனின் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது என்று வீட்டிலிருந்து எழுதிப்போட்டார்கள். அது கிடைத்த மறுநாள் காலையில் அவர் பதுங்குகுழியை விட்டு எழுந்து வெட்டவெளியில் நடந்தார் என்றும், குண்டு பட்டு விழுந்தார் என்றும் தம்பி வந்து சொன்னார். கொன்றது ஜப்பான்காரன் இல்லை, கடுதாசிதான் என்று அன்றைக்கு இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நான் இருந்திருந்தால் குண்டுதான் கொன்றது என்று வாதாடியிருப்பேன். என்னை யார் கேட்டார்கள்?

மாமாவே அந்த வழக்கத்தை முழுசாக அனுபவித்தவர். அவர் அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தபோது பர்மாத் தாத்தா இறந்துபோனார். சேதி போகவில்லை. மாதங்கள் கழித்து லீவில் வந்தவர், வாசலில் தன் அம்மா வெள்ளைச் சேலையில் நிற்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படத்துக்கு ஒரு சல்யூட் அடித்தாராம். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் இந்தக் கதை உண்டு. “அழுதீங்களா மாமா?” என்று ஒருதரம் கேட்டுவிட்டேன்.

“பட்டாளத்துக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா மாப்ள இது?” என்றார். அதற்குப் பிறகு அரைநாள் என்னோடு பேசவில்லை.

அந்த வீட்டில் எனக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது அத்தை செல்வமேரிதான். வேறு சாதி, வேறு சாமி, போதாக்குறைக்கு டாக்சி டிரைவர் என்று மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த நாட்களில், “மாப்பிள்ளைக்கு இன்னொரு மீன் வைடி” என்று ஒரே வார்த்தையில் என்னை வீட்டு ஆளாக்கியவர். “அந்த நாலு மீசைக்கும் தூசி தட்டியே என் ஆயுசு போச்சு மாப்பிள்ள” என்று மாமாவின் காதுபடவே சொல்லிச் சிரிப்பார். மாமாவுக்கும் அவர் சிரிப்புக்கு முன்னால் விறைப்பு நிற்காது.

போன வருஷம் பொங்கல் கழிந்ததும் அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண் மஞ்சளானது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது, அறுக்கவும் முடியாது என்றார் டாக்டர். ஈஸ்டர் வரைக்கும் தாங்கினாலே பெரிசு என்று என்னையும் பெர்லினையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்தவரை டிக்சன் அப்போது லடாக் பக்கம் பனிமலையில். அவனுக்கு லீவு மே மாதம்தான்.

மலை ஏறி வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் கேட்டது அதைத்தான். “டிக்சனுக்குச் சொல்லிருவோமா மாமா?”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? பெத்த தாயி...”

“மே மாசம் வருவான். வந்ததும் சொல்லுவோம்.”

“மே வரைக்கும் அத்தை இருப்பாங்களான்னுதான் மாமா...”

மாமா எழுந்து நின்றார். “மாப்ள, நீங்க அந்த எடத்தப் பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். ஒரு அடி எடுத்து வைக்கும்போது நெனப்பு வேற எங்கயாவது போச்சுன்னா, அந்தக் கால் வெறும் பனியில போகும். கீழ எவ்வளவு ஆழம்னு எவனுக்கும் தெரியாது. செல்வமேரியும் போயி, அவனும் போயிட்டா நான் யாரு மூஞ்சியில முழிக்கிறது?”

அன்று சாயங்காலம் பெர்லினிடம், உங்கள் அப்பா கிடக்கட்டும், நான் போன் போடுகிறேன் என்றேன். அவள் அழுதுகொண்டேதான் இருந்தாள். ஆனால் கேட்டது அதே கேள்வி. “நீங்க சொல்லி, அவனுக்கு அங்க ஏதாவது ஆச்சுன்னா?” அந்த வழக்கத்தின் பலமே இதுதான். எதிர்த்துப் பேசுகிறவன் தலையில் ஒரு சாவைத் தூக்கி வைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிக்சன் போன் செய்வான். அதற்கு அத்தை தயாராவதைப் பார்க்கவேண்டும். படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைக்கச் சொல்லுவார். தலை சீவிக்கொள்வார். வெறும் குரல்தானே போகப்போகிறது, தலை எதற்கு என்றால், “தலைய விரிச்சுப் போட்டுப் பேசினா கொரல்ல தெரியும்டி” என்று மகளை அதட்டுவார். சுடுதண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொள்வார். பிறகு அரைமணி நேரம் சிரிப்பும் கேலியுமாகப் பேசுவார். பட்டாளத்தில் சேர்த்திருந்தால் அத்தைதான் அந்தக் குடும்பத்தின் முதல் அதிகாரியாகியிருப்பார்.

“வீடியோ கால் வரலாம்ல டிக்சா?” என்று பெர்லின் கேட்கவேண்டுமே என்று கேட்பாள்.

“நெட்வொர்க் இல்லக்கா. குரல் வர்றதே பெரிசு” என்பான் அவன். இவர்கள் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். அந்தப் பக்கம் அவனும் அதே மூச்சை விட்டுக்கொண்டிருந்தான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, பேசி முடித்ததும் அத்தை போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “அவன் பேசும்போது பின்னால காக்கா கத்துச்சு மாப்பிள்ள. ரெண்டு மூணு காக்கா. பனிமலையில காக்கா ஏது?”

மாமா உள்ளே இருந்தபடியே பதில் கொடுத்தார். “அங்கயும் உண்டு. இத விடப் பெரிசு, கருகருன்னு. நான் ரொட்டி போட்டிருக்கேன்.”

அது உண்மைதான், அங்கே அப்படி ஒரு காக்கை உண்டாம். ஆனால் அத்தை விடவில்லை. “இல்ல, இது நம்ம காக்கா. அவன் பக்கத்துல எங்கயோதான் இருக்கான்.”

“மருந்து பேசுது” என்றார் மாமா. நாங்களும் மருந்துதான் பேசுகிறது என்று நினைத்தோம். பெற்றவளின் காதை நம்பாமல், முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பட்டாளத்துக் காக்கையை நம்பினோம். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கடைசியாக மதுரைக்குப் போய்த் திரும்பிய அன்று வண்டியில் அத்தையும் நானும்தான். பெர்லினும் மாமாவும் மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு, பின்சீட் முழுக்க அத்தையைப் படுக்கவைத்திருந்தேன். பெருமாள்மலையில் டீக்கடை ஓரமாக நிறுத்தி, டிக்சன் நம்பரை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருக்கு மாப்பிள்ள?”

பொய் சொல்ல வரவில்லை. “டிக்சனுக்குத்தான் அத்தை.”

“வேணாம். வச்சிருங்க.”

“உங்களுக்கு அவனப் பாக்கணும்னு இல்லயா?”

“இல்லாம? கண்ண மூடினா அவந்தான் நிக்கிறான்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த அன்னைக்கு மாமியா சொன்னது இது ஒண்ணுதான். சமைக்கத் தெரியுமான்னுகூடக் கேக்கல. கெட்ட சேதி எல்லைக்குப் போகக்கூடாதுன்னாங்க. ஒங்க மாமா பட்டாளத்துல இருந்த காலத்துல எத்தனையோ வந்துச்சு, நான் ஒண்ணையும் அனுப்பினதில்ல. இப்ப எனக்காகன்னு அனுப்புவேனா?”

நான் போனைப் பைக்குள் போட்டேன். வண்டி கிளம்பி வெள்ளி அருவி தாண்டியிருக்கும். “ஆனா அவனாத் தெரிஞ்சு, அவனா வந்துட்டா நல்லா இருக்கும்” என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

தவக்காலம் பாதி தாண்டியபோது, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பெர்லின் கையிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை போய்விட்டார். கடைசி இரண்டு நாள் வாசலில் கார் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்து பார்த்தார். வந்தது என் வண்டியாகத்தான் இருந்தது.

அதற்கு மேலும் மாமா டிக்சனுக்குச் சொல்ல விடவில்லை. “அங்க இருந்து எறங்கவே நாள்கணக்காகும். அடக்கத்துக்கு வரமுடியாது. முடியாதவன்கிட்ட சொல்லி என்ன பண்ண?” ரோட்டு முக்கில் பையன்கள் கட்ட வந்த கண்ணீர் அஞ்சலி பேனரைத் திருப்பி அனுப்பினார். சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் போய், வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனிதர் யாரையும் கும்பிட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்தில் மாமாவும் நானும் மட்டும் நின்றிருந்தோம். மேகம் இறங்கி, மேடுகளும் சிலுவைகளும் மங்கிக்கொண்டு வந்தன. மாமா புது மண்ணைப் பார்த்தபடியே பேசினார்.

“எங்க அம்மா வெள்ளச் சேலையில நின்னப்ப நான் சல்யூட் அடிச்சேன்னு சொல்லுவேன்ல மாப்ள. அதெல்லாம் பெறகு. மொதல்ல எங்க அம்மாவப் போயி உலுக்கினேன். ஏன் சொல்லல, ஏன் சொல்லலன்னு கத்தினேன். ஊரே வேடிக்க பாத்துச்சு.”

நான் அவர் கையைப் பிடித்தேன்.

“எங்க அப்பா செத்தத எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நான் ஒண்ணும் செத்திருக்க மாட்டேன்.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “டிக்சனும் வந்து என்னைய அப்பிடித்தான் உலுக்குவானோ?”

மாட்டான் மாமா என்றேன். வேறு என்ன சொல்ல? அதற்கப்புறம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஷேவ் செய்யாத முகத்தோடு அவரை முதன்முதலாகப் பார்த்தது அந்த நாட்களில்தான். டிக்சன் போன் வந்தால் மட்டும் எழுந்து வருவார். ஒரு ஞாயிறு, “அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கா” என்றார். அடுத்த ஞாயிறு, “வேளாங்கண்ணிக்குப் போயிருக்கா, போன வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டா” என்றார். போனை வைத்ததும் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த மறுநாள் வெள்ளனே என் போன் அடித்தது. டிக்சன்.

“மச்சான், பஸ்ஸ்டாண்டுக்கு வரமுடியுமா? கொடைக்கானல் பஸ்ஸ்டாண்டுதான். வெரசா வாங்க. வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். பக்கத்தில் ஒரு பையும், ஊன்றுகோலும். இடது காலில் ஷூ இல்லை, பெரிய செருப்பும் கட்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்க முயன்றான். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“ஏலே, என்னடா இது?”

“பனி கடிச்சிருச்சு மச்சான். விரல எடுத்துட்டாங்க. பயப்படாதீங்க, நடக்கலாம். செருப்புதான் தனியாச் செய்யணும்.” அவனே சிரித்துக்கொண்டான். “பஸ்ஸு நம்ம வீட்டு முக்கத் தாண்டித்தான் வந்துச்சு. எறங்கத் தைரியம் வரல. அம்மா பாத்தா அங்கயே உக்காந்து ஒப்பாரி வச்சிருவாங்க. நீங்க மொதல்ல உள்ள போயி, சின்ன அடிதான், சரியாயிருச்சுன்னு அம்மாவ ரெடி பண்ணிருங்க. நான் பின்னால வர்றேன்.”

பையைத் தூக்கி வண்டியில் வைத்தேன். அவனை முன்சீட்டில் உட்காரவைத்தேன். வண்டி கடைத்தெருவைத் தாண்டி இறக்கத்தில் இறங்கியது. அவன் பேசிக்கொண்டே வந்தான். மார்கழிக் குளிரில் காவல் நிலையில் மாட்டிக்கொண்டது, ஹெலிகாப்டர் வந்து தூக்கியது, சண்டிகர் ராணுவ ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தது எல்லாம் சொன்னான். வீட்டுக்குத் தகவல் கொடுக்கவா என்று கேட்டார்களாம். நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றானாம்.

“இப்ப சண்டிகர்ல இருந்தா வர்ற?”

“இல்ல மச்சான், பெங்களூரு. தெக்கத்தி ஆளுங்கள அங்க மாத்திருவாங்க.”

“எப்ப இருந்து?”

“பொங்கல் முடிஞ்சதுல இருந்து அங்கதான். ஜன்னலுக்கு வெளிய பெரிய மரம். காக்கா தொல்ல தாங்காது. அம்மாகிட்ட பேசும்போதெல்லாம் எங்க கத்திக் காட்டிக் குடுத்துருமோன்னு போனப் பொத்திக்கிட்டே பேசுவேன்.”

நான் வண்டியை ஓரங்கட்டினேன். ஒரு ஹோம்ஸ்டே வாசல் அது, கேட்டுக்குள்ளிருந்து நாய் குரைத்தது. பொங்கல் முடிந்ததிலிருந்து. அத்தை கண் மஞ்சளான நாளிலிருந்து. இங்கிருந்து சாயங்காலம் பஸ் ஏறினால் விடியும்போது போய் இறங்குகிற ஊரில். அவர்கள் வீட்டு வழக்கப்படி பார்த்தால் அவன் குளிக்கவேண்டும், சாப்பிடவேண்டும், பிறகுதான் சொல்லவேண்டும். எனக்கு அந்த வழக்கத்தின் மேல் இருந்த கடைசித் துளி மரியாதையும் அந்த இடத்தில் போய்விட்டது.

“அம்மா இல்ல டிக்சா” என்றேன். “போயி ரெண்டு வாரமாச்சு.”

அவன் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தான். கேலி செய்கிறேன் என்று நினைத்தான்போல. பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். ஊன்றுகோலை எடுக்கவில்லை. அந்தக் காலோடு நாலைந்து தப்படி தாண்டிப் போய் ரோட்டோரத் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பின்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, மதுரை, ஞாயிற்றுக்கிழமைச் சுடுதண்ணீர், பெருமாள்மலை, கார் சத்தம். எங்கள் வீட்டு ஆள் நான், ஒன்றையும் மறைக்கத் தெரியவில்லை.

“என்ன கெழம அது?”

“வியாழன். மத்தியானம்.”

“அன்னைக்குப் பக்கத்துக் கட்டில் ஆளுக்குப் பொறந்தநாளு. பிரியாணி வாங்கிட்டு வந்தாங்க. ரெண்டு தட்டு தின்னேன் மச்சான்.” அப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்தது. பட்டாளத்துக்காரன் அழுவானா என்ற கேள்விக்கு அன்றைக்கு எனக்குப் பதில் கிடைத்தது. மாடு கத்துவதுபோலக் கத்தி அழுதான். டூரிஸ்ட் வேன் ஒன்று வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

“ஒரு ராத்திரி பஸ்ஸு” என்றான். “ஒரே ஒரு ராத்திரி. நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?” அவனே தலையை ஆட்டினான். “நான் சொல்லியிருக்கணும். கால் போச்சும்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அம்மாவே கெளம்பி வந்திருப்பாங்க. இல்ல, நீங்க யாராவது வந்திருப்பீங்க.”

முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். வண்டியில் ஏறிய பிறகு ஒன்றுதான் கேட்டான். “அப்பா எப்பிடி இருக்காரு?”

அதையும் சொன்னேன். கல்லறைத் தோட்டத்தில் அவர் கேட்டதை, சாப்பிடாமல் கிடப்பதை. டிக்சன் வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

பாதையில் எங்களைப் பார்த்ததுமே பெர்லின் ஓடிவந்தாள். தம்பியின் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே மாமா எழுந்து நின்றிருந்தார். சுவரில் அந்த நாலு படங்களுக்குக் கீழே அத்தையின் படத்தை மாலையோடு மாட்டியிருந்தோம். மாமா அதை மறைத்துக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றார். வயசான உடம்பு முழுவதையும் அகலமாக்கிக்கொண்டு நின்றார்.

“காலுக்கு என்னப்பா? சரி, பெறகு பேசுவோம். போயி மொதல்ல குளி. பெர்லினு, தண்ணி காயவை. தம்பி சாப்பிடட்டும்...”

“தெரியும்ப்பா” என்றான் டிக்சன். “மச்சான் சொல்லிட்டாரு.”

மாமா நகரவில்லை. கண் மட்டும் மகனுடைய கைகளைப் பார்த்தது. அந்தக் கைகள் வந்து தன் தோளைப் பிடிக்கும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. டிக்சன் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவர் மகனின் தோளில் முகத்தை வைத்து விம்மினார். அவர்கள் பிரிந்து உட்கார வெகுநேரம் ஆனது.

மாமா கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். “எங்க வச்சிருந்தாங்க ஒன்ன?”

“சண்டிகர்லப்பா.”

நான் டிக்சனைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

“தெக்க மாத்தலயா? நம்ம ஆளுங்கள பெங்களூருக்கு அனுப்பிருவாங்களே.” அவரும் அதே பட்டாளத்தில் இருந்தவர்தானே.

“படுக்கை காலியில்லன்னுட்டாங்க. கடேசி வரைக்கும் சண்டிகர்தான்.”

மாமா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். “சண்டிகர்ல இருந்து இங்க வந்து சேர ரயிலு, பஸ்ஸுன்னு மூணு நாளு ஆயிரும்.”

“ஆகும்ப்பா.”

“இந்தக் காலோட எங்க வர்றது?”

“எந்திரிக்கவே விடலப்பா. போன வாரந்தான் கீழ கால ஊனவே சொன்னாங்க.”

“அப்ப சொல்லியிருந்தாலும் நீ வந்திருக்க முடியாது.”

“முடியாதுப்பா.”

“சொல்லியிருந்தா அங்க கெடந்து நீ துடிச்சிருப்ப. வேற ஒண்ணும் ஆகியிருக்காது.”

“ஆமாப்பா. சொல்லாம விட்டதுதான் சரி.”

மாமா தலையை மேலும் கீழும் ஆட்டினார். அவர் தோள் இறங்குவது தெரிந்தது. முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, “பெர்லினு, எல்லாருக்கும் சாப்பாடு வைம்மா, எனக்கும் வை” என்றார். அத்தை போன பிறகு அவர் வாய்விட்டுச் சாப்பாடு கேட்டது அன்றுதான். ரசம் ஊற்றிச் சாப்பிட்டார், மோருக்கும் சோறு கேட்டார். எதிரே உட்கார்ந்து டிக்சன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு கவளம் உள்ளே போகவில்லை. பொங்கலிலிருந்து அந்த ஜன்னலோரம் படுத்திருந்த ஒவ்வொரு நாளையும் அவன் அந்தத் தட்டில் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். இனி ஆயுசு முழுக்க அதைத் தனியாகப் பார்க்கப்போகிறான்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். முன்னறைக்குத் திரும்பிப் போய் மாமாவிடம், உன் மகன் ஒரு ராத்திரி தூரத்தில் இருந்தான், உன் பெண்டாட்டி சொன்ன காக்கா நிஜம் என்று கத்திவிடலாம் போலிருந்தது. இந்த வீட்டில் யாராவது ஒருவர் ஒருமுறையாவது உண்மையைச் சொல்லட்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெர்லின் மோர்ச் சட்டியோடு உள்ளே வந்தாள். மெதுவாகக் கதவைச் சாத்தினாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

“என்னங்க, வர்ற வழியில ஒங்ககிட்ட என்ன சொன்னான்? நெசமாவே சண்டிகர்லதான் இருந்தானா? அம்மா அன்னைக்கு காக்கான்னு...” என் கையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். முன்னறையில் மாமா இன்னொரு கை சோறு கேட்கும் சத்தம் வந்தது.

“சண்டிகர்லதான்” என்றேன்.

“தூரந்தான்” என்று சொல்லி அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.